மூடித் திறந்தால் சத்தம் வராது

என் லேப்டாப்பை மூடிவிட்டுத் திறந்தால் படம் வரும், எழுத்து வரும், இன்டர்நெட்டும் வரும். சத்தம் மட்டும் வராது. ஒலிக் குறியைத் தட்டிப் பார்த்தால் நூறு என்று நிற்கும். பாட்டைப் போட்டால் பாட்டு ஓடுவதாகக் கோடு நகர்ந்துகொண்டே போகும். கோவில் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கிற பெரிய மனிதர்களைப் போல, வேலை செய்வதாக ஒரு பாவனை. லேப்டாப்பையே நிறுத்தி மறுபடியும் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி சத்தம் வந்துவிடும். அடுத்த முறை மூடித் திறந்தால் பழைய கதைதான்.

இதைச் சொன்னபோது ஒவ்வொருவரும் காட்டிய அறிவை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. லேப்டாப் கெட்டுவிட்டது என்றால் மட்டும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழில் சாட்சி சொல்பவர்களின் வார்த்தையை நீதிபதிக்கு ஆங்கிலத்திலோ மலாய் மொழியிலோ எடுத்துச் சொல்வது வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்துக்கு வந்து பிரிக்பீல்ட்ஸிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. மூன்று தலைமுறையாக அரசாங்கச் சம்பளம், மூன்று தலைமுறையாக மற்றவர்களின் ஆங்கிலத்தைத் திருத்துகிற வியாதி. கூண்டில் நிற்கிறவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் மீதி என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைப் பற்றி எனக்கிருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

ஓய்வு பெற்ற பிறகு கம்பெனிகள் கூப்பிட ஆரம்பித்தன. ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன் கம்பெனியே உள்ளுக்குள் ஒரு விசாரணை வைக்க வேண்டும். முன்பெல்லாம் ஃபேக்டரியிலேயே மேசை நாற்காலி போட்டு நடத்துவார்கள். இப்போது எல்லாம் கணினித் திரையில். தலைமை அலுவலகத்தில் மூன்று பேர், ஃபேக்டரியில் தொழிலாளி, பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் நான். தொழிலாளி சொல்வது அந்த மூன்று பேருக்குப் போய்ச் சேருவது என் காது வழியாகத்தான். அதனால் சத்தம் வராதது எனக்கு விளையாட்டு விஷயம் இல்லை.

முதலில் அக்கா மகனிடம் சொன்னேன். சைபர்ஜெயாவில் ஏதோ பெரிய கணினி உத்தியோகம். பட்டத்தைச் சட்டம் போட்டு அக்கா ஹாலில் மாட்டியிருக்கிறாள், போகிறவர் வருகிறவர் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

“சின்னம்மா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

“ரீஸ்டார்ட் பண்ணா வருதுன்னுதான்டா சொல்றேன்.”

“அப்ப ஓகே லா. வருதுதானே?”

இதற்குத்தான் நாலு வருடம் படிக்க வைத்தார்கள். நான் விடவில்லை என்று தெரிந்ததும், அங்கே இருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து பார்க்கிறேன் என்றான். இரண்டு மணி நேரம் என் திரையில் அம்புக்குறி தானாக அங்கும் இங்கும் ஓடியது, விளக்கைப் போட்டதும் கரப்பான் ஓடுவது போல. ஒலிக்கான டிரைவரைப் புதுப்பித்தானாம், பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போட்டானாம். “இப்ப சூப்பரா இருக்கும்” என்றான். மூடித் திறந்தேன், சத்தம் இல்லை. அதோடு பிரின்டரும் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அதைச் சொன்னதற்கு, “அது வேற பிரச்சின சின்னம்மா” என்று போனை வைத்துவிட்டான்.

பிறகு இணையத்தில் தேடினேன். உலகம் பூராவும் இதே புலம்பல்தான். ஒருவன் ஒன்றைச் செய்யச் சொல்வான், அடுத்தவன் அதைச் செய்யாதே என்பான், மூன்றாமவன் இரண்டு பேரையும் திட்டுவான். ஒருவன் என் வியாதியை அப்படியே எழுதியிருந்தான், ஒரு வார்த்தை கூடக் குறையாமல். ஆசையாகக் கீழே போனால், இரண்டு நாள் கழித்து அவனே எழுதியிருக்கிறான்: சரியாகிவிட்டது, நன்றி. எப்படிச் சரியானது என்று ஒரு எழுத்து இல்லை. இப்படிப்பட்டவர்கள் கல்யாண வீட்டில் பந்தி எங்கே என்று கேட்டால், நான் சாப்பிட்டாச்சு என்று பதில் சொல்லிவிட்டுப் போகிற ஜாதி. அவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது, ஆனாலும் மனதாரத் திட்டினேன்.

கடைசியில் எங்கள் தெருவிலேயே, பூமாலைக் கடைகளுக்கு நடுவில் போனும் லேப்டாப்பும் பழுது பார்க்கிற ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது வயது இருக்கும். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே இருப்பார். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

“ஃபார்மட் பண்ணிரலாம் ஆன்டி.”

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிடலாம் என்கிறார். முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள் என்றேன். அவர் லேப்டாப்பைப் போட்டார். நான் அதை நிறுத்திப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்ததால், போட்டதும் சத்தம் கணீரென்று வந்தது.

“இங்க வருதே ஆன்டி.”

மூடித் திறந்து காட்டச் சொன்னேன். மூடினார், மூடிய வேகத்தில் திறந்தார். அது தூங்கவே நேரம் கொடுக்கவில்லை, சத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. குரலையும் உயர்த்திக்கொண்டார்.

“ஆன்டி, காதுக்கு டாக்டர் யார்கிட்டயாச்சும் காட்டுனீங்களா?”

மாலை வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் காதைப் பற்றி இப்படி ஒருவர் கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பொரிந்து தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். விசாரணை உள்ள நாளில் காலையில் நிறுத்திப் போட வேண்டும், முடியும்வரை மூடக்கூடாது. அந்தச் சட்டத்தோடு ஒரு மாதம் நன்றாகவே ஓடியது.

அந்த விசாரணை தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற ஒரு ஃபேக்டரியில். குற்றச்சாட்டு, மெஷினை ஓட விட்டுவிட்டு இடத்தை விட்டுப் போனது. சாமான் வீணாகிவிட்டதாம். தொழிலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, படிய வாரிய தலை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தும் தனியாக வந்திருந்தார். பிறந்தது இந்த நாட்டில், வளர்ந்தது இந்த நாட்டில், ஆங்கிலம் வேண்டாம், மலாயில் கூட ஒரு வாக்கியம் நிமிர்ந்து நிற்காது. இவரைப் போன்றவர்களால்தான் எனக்கு வேலை கிடைக்கிறது என்பதை வசதியாக மறந்துவிட்டு, மனதுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டேன்.

தலைமை அலுவலகத்தில் தலைவர் ஒருவர், பக்கத்தில் ஒரு இளைஞர், தனிக் கட்டத்தில் ஒரு அம்மாள். அந்த அம்மாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மைக்கை மூடி வைத்திருந்தாள். கேட்கவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சொன்னபோது, இத்தனை வருடம் ஆகியும் ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாதா என்கிற தொனி என் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது எனக்குத் திருப்தியாக இருந்தது.

முதலில் சூப்பர்வைசர் சாட்சி சொன்னார். வந்து பார்த்தேன், மெஷினுக்குப் பக்கத்தில் ஆளைக் காணோம், தேடினேன், இல்லை. அவ்வளவுதான், சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தலைவர் பத்து நிமிடம் இடைவேளை விட்டார். வந்ததும் தொழிலாளி தன் பக்கத்தைச் சொல்லலாம் என்றார்.

மழைக்காலம். ஹாலில் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் துணி காயப் போட்டிருந்தேன். காலையில் கேமராவில் விழாதபடி ஓரமாகத் தள்ளி வைத்தது, காற்றாடிக் காற்றில் நகர்ந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பது திரையில் தெரிந்தது. வெள்ளைப் பாவாடை ஒன்று என் தலைக்குப் பின்னால் தொங்குகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்த வேகத்தில் லேப்டாப்பை மூடிவிட்டேன். கேமராவை மட்டும் நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம்.

துணியை அறைக்குள் தள்ளிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திறந்தேன். கூட்டம் தானாகவே மறுபடி இணைந்தது. எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். தலைவரின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

நிறுத்திப் போட ஐந்து நிமிடமாவது ஆகும். அதோடு, நிறுத்தினால் புதுப்பித்துக்கொள்வேன் என்று காலையிலிருந்து அது வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. போனில் அதே கூட்டத்துக்குள் போயிருக்கலாம், போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதெல்லாம் பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சற்று முன் ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டிய வாயால், எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல மனம் வரவில்லை.

தலைவர் கேட்கப் போகும் கேள்வி என்ன என்று தெரியும், இடைவேளைக்கு முன்பே சொல்லிவிட்டாரே. அவர் வாய் நின்றதும், நான் தொழிலாளியைப் பார்த்து, “இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?” என்றேன். என் குரல் போயிற்று. அவர் தலையசைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இரண்டு மூன்று நிமிடம் பேசியிருப்பார். நான் சத்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் கையை ஒருமுறை வெளியே எங்கோ காட்டினார். கதவைக் காட்டுகிறார், கழிவறைக்குப் போனேன் என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் கூப்பி, நெற்றிக்கு மேல் தூக்கினார்.

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கூண்டில் ஏறியதும் வீம்பு, அப்புறம் வயிற்று வலி, அப்புறம் பெண்டாட்டி பிள்ளை, கடைசியில் கும்பிடு. இந்த முறை மட்டும் வேறு என்ன இருக்கப் போகிறது? அவர் கையை இறக்கினார். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கழிவறைக்குப் போனதாகச் சொல்கிறார், நேரமானது தெரியவில்லையாம். தவறை ஒப்புக்கொள்கிறார். குடும்பஸ்தர், மன்னிப்புக் கேட்கிறார், இன்னொரு வாய்ப்புத் தரும்படி கெஞ்சுகிறார். ‘கெஞ்சுகிறார்’ என்பதற்கு நான் போட்ட ஆங்கில வார்த்தை கொஞ்சம் உயர்ந்த வார்த்தை. அவருக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டேன்.

தலைவர் எழுதிக்கொண்டார். ஏதோ சொன்னார், ஃபைலை மூடினார். எப்போதும் சொல்வதுதானே என்று நானும், “முடிவு லெட்டர்ல வரும், நீங்க போலாம்” என்று தமிழில் சொன்னேன். தொழிலாளி எழுந்து நின்று, என் பக்கம் திரும்பி, இந்த முறை நெஞ்சுக்கு நேராகக் கை கூப்பினார். எனக்கு நன்றி சொல்கிறார் என்பது சத்தம் இல்லாமலே புரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். கூடவே கூட்டத்தின் பதிவும் வந்தது. பதிவைக் கேட்டுச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் கேட்கவில்லை. அன்றைக்கு நிறுத்திப் போட்ட லேப்டாப்பில் சத்தம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது, கேட்டிருக்கலாம். என்ன சொல்லியிருப்பார் என்றுதான் தெரியுமே என்று இருந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஆனாலும் சத்தமில்லாத அந்தப் பத்து நிமிடம் கொடுத்த பயம் போகவில்லை. மறுபடியும் மாலைக் கடைக்கு நடுவில் இருப்பவரிடம் போனேன். இந்த முறை வீட்டிலேயே மூடித் தூங்க வைத்து, அப்படியே கையில் ஏந்திக்கொண்டு போய் மேசையில் வைத்துத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பாருங்கள் என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் எதையெதையோ திறந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“எனக்குத் தெரியல ஆன்டி. கிள்ளான்ல ஒரு அக்கா இருக்காங்க, போர்டு ரிப்பேர்லாம் செய்வாங்க. அவங்க பாப்பாங்க.”

தெரியல. இதைச் சொல்ல இவருக்குக் கடை, பெயர்ப்பலகை, வண்ண விளக்கு. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் நேரமாவது மிஞ்சியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். சேலைக் கடைகள் உள்ள தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. முப்பத்தைந்து வயதுப் பெண், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ஒரு அங்கிளைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் சொன்னதை அவள் இடையில் பேசாமல் கேட்டாள். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பி, இயர்ஃபோன் சொருகுகிற ஓட்டைக்குள் விளக்கை அடித்துப் பார்த்தாள். ஊசி ஒன்றை எடுத்து உள்ளே சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள்.

“ஆன்டி, இதுக்குச் சந்தனம் வச்சீங்களா?”

வைத்தேன். சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் புத்தகங்களை நிமிர்த்தி அடுக்கி, முதுகில் சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். இப்போது நான் பிழைப்பது லேப்டாப்பில். அதையும் புத்தகத்தோடு புத்தகமாக நிமிர்த்தி வைத்து, முதுகு என்று நினைத்து அதன் பக்கவாட்டில் மூன்று பொட்டு வைத்தேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது. மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு கடைக்காரர் ஃபோட்டோஸ்டேட் மெஷினுக்குப் பட்டை போட்டு வைத்திருப்பதைப் பார்த்து, காகிதம் போகிற வழியெல்லாம் விபூதி என்று வருடக்கணக்கில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.

அவள் விளக்கியது இதுதான். தூங்கி எழும்போதெல்லாம் லேப்டாப் அந்த ஓட்டையில் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்குமாம். உள்ளே காய்ந்த சந்தனம் அழுத்திக்கொண்டிருந்ததால், இயர்ஃபோன் இருக்கிறது என்று நம்பி, சத்தம் முழுவதையும் அங்கே அனுப்பிவிடுமாம். நிறுத்திப் போட்டால் சில மெஷின்களுக்கு அந்தக் குழப்பம் வராதாம்.

“சவுண்டு எல்லா நேரமும் வந்துக்கிட்டுத்தான் இருந்திச்சு ஆன்டி. இல்லாத இயர்ஃபோனுக்குப் போயிருச்சு.”

சுத்தம் செய்து, மூடி, நிஜமாகவே தூங்கும்வரை காத்திருந்து திறந்தாள். “ஏதாச்சும் போட்டுப் பாருங்க” என்று என் பக்கம் திருப்பினாள். மூக்குடைபட்ட எரிச்சலில் நான் பார்க்கக் கூட இல்லை. இறக்கி வைத்திருந்த ஃபைல்களில் முதலில் கண்ணில் பட்டதை அமுக்கினேன். அது விசாரணையின் பதிவு. அவசரத்தில் கை பட்டுக் கோடு நடுவுக்குத் தாவி, அங்கிருந்து ஓட ஆரம்பித்தது.

“சார், நான் மெஷின விட்டுட்டுப் போகல. சூப்பர்வைசர்தான் வந்து, லோரி வந்திருச்சு, ஆள் பத்தல, நீ போயி சாமான் எறக்குன்னு சொன்னாரு. மெஷின நான் பாத்துக்கிறேன்னும் அவருதான் சொன்னாரு. நான் கேட்டாண்ட போனேன். வந்து பாத்தா அவரு இல்ல. லோரி டிரைவரக் கேளுங்க சார். கேட்ல கேமரா இருக்கு, அதப் பாருங்க. என்னைய மன்னிப்புக் கேக்கச் சொல்லாதீங்க, நான் தப்புப் பண்ணல. சாமி சத்தியமா சொல்றேன் சார்.”

கையைத் தூக்கியது அதற்குத்தான். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதற்குப் பின்னாலேயே, இடைவெளி கூட விடாமல், தெளிவான உச்சரிப்பில் என் ஆங்கிலம் வந்தது. ஒப்புக்கொள்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், கெஞ்சுகிறார். நிறுத்தப் போனேன், கை பொத்தானில் படவில்லை.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். நெற்றி விளக்கு என் கண்ணில் அடித்தது.

“ஆன்டி, இங்லீஷ்ல பேசுறது யாரு?”

“யாரோ மொழிபெயர்ப்பாளர்,” என்றேன்.

“தப்பா சொல்றாங்களே. அந்த அண்ணே அப்படிச் சொல்லவே இல்லையே.”

காத்திருந்த அங்கிள், “ஐயோ பாவம் லா” என்றார். நான் லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். என்ன தர வேண்டும் என்று கேட்டேனா, கொடுத்தேனா என்பது கூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் லேப்டாப்பின் கோளாறைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. படித்துப் பார்த்தால் அக்கா மகன் எழுதியது போல இருந்தது. அழித்தேன். இரண்டாவதில், தொழில்நுட்பக் காரணங்களால் மொழிபெயர்ப்பில் விடுபடல் ஏற்பட்டிருக்கலாம் என்று எழுதினேன். கோர்ட்டில் இப்படி எழுதிக் கொண்டுவரும் ஆட்களை நான் எவ்வளவு கேவலமாகப் பார்த்திருக்கிறேன். அதையும் அழித்தேன். கடைசியில் நாலே வரி. இடைவேளைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாகக் காட்டிக்கொண்டு நானாக இட்டுக்கட்டிச் சொன்னேன். பதிவைக் கேட்காமல் கையெழுத்திட்டேன். அவர் உண்மையில் சொன்னது இத்துடன் உள்ளது.

மறுநாளே பதில் வந்தது. வேலை நீக்கக் கடிதம் போன வெள்ளிக்கிழமையே போய்விட்டதாம். தொழிலாளி எழுத்து மூலம் மேல்முறையீடு செய்தால், என் கடிதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். கேட் கேமராவின் பதிவு அதிக நாள் வைக்கப்படுவதில்லை என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவள், நான் மைக்குக்காக மட்டம் தட்டிய அந்த அம்மாள். பெயருக்குக் கீழே வேறொன்றும் எழுதவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

விசாரணைக் காகிதத்தில் அவர் விலாசம் இருந்தது. போன் செய்து, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கார் பிடித்துத் தெலுக் பங்லிமா காராங் போனேன். ஒற்றை மாடி வரிசை வீடு. கைலியோடு இருந்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி பால் விடாத தேநீர், தே ஓ, கொண்டுவந்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்? நீங்க சரியாத்தான் எடுத்துச் சொன்னீங்க. நான் வந்து வீட்ல கூடச் சொன்னேன், அந்த மேடம் இங்லீஷ் பேசினா ஜட்ஜு மாதிரி இருக்குன்னு. அவங்கதான் கேக்கல. நம்ம பேச்ச யாரு மேடம் கேப்பாங்க?”

தே ஓவை வைத்துவிட்டுச் சொன்னேன். நான் எடுத்துச் சொல்லவே இல்லை என்றேன். அவர் சிரித்தார், நான் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. மறுபடியும் சொன்னேன். லேப்டாப்பில் சத்தம் போய்விட்டது, நீங்கள் பேசிய ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை, நானாகவே நீங்கள் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். அவர் என் பையைப் பார்த்தார்.

“இப்ப சரியாயிருச்சா மேடம்?”

“என்னது?”

“லேப்டாப்பு.”

சரியாகிவிட்டது என்றேன். அவர் தலையசைத்தார். கையிலிருந்த கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் பேசுனது யாருக்குமே போகலையா?”

போகவில்லை என்றேன். மேல்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன், கேமரா பதிவை அழிப்பதற்குள் இன்றைக்கே அனுப்பிவிடலாம், நீங்கள் முதலிலிருந்து சொல்லுங்கள் என்று காகிதத்தை எடுத்தேன்.

“கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இன்னொரு வாட்டி சொல்லியிருப்பேனே மேடம்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது வந்திருக்கும்.